மூன்றாம் பருவத்தின் பச்சைக் கட்டம்

மாசாய் பட்டணத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுத் துணி அலமாரியைத் திறந்தால், கதவின் உட்புறத்தில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கும். சீனர் மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்த காலண்டரின் பின்பக்கம் அது. டேப் பழுத்து மஞ்சளாகிவிட்டது. நான்கு வருடப் படிப்பின் எட்டுப் பருவங்களுக்கு எட்டு வரிசைகள், ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் ஓடும் அம்புக்குறிகள். மூன்றாவது வரிசையில் ஓரிடம் மட்டும் தேய்ந்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. அங்கே ரப்பர் வைத்து அழித்தவள் என் தங்கச்சி. அழிக்கச் சொன்னவன் நான்.

அப்பா போனபின் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், நான் பள்ளியை விட்டேன். பாசிர் கூடாங் துறைமுகத்தில் ரசாயன டிரம்களை இறக்கி அடுக்கும் கிடங்கில் வேலை. இன்றைக்கும் அதே வேலைதான். பயம் என் கூடவே பிறந்தது. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். மூடித்தான் இருக்கும். மறுபடி கிளம்பும்போது கதவைப் பூட்டினேனா என்று தொடங்கிவிடும். “அண்ணே, உன் பயம் உனக்கு முன்னாடியே போய் பஞ்ச் கார்டு அடிச்சிருது லா” என்று தங்கச்சி சிரிப்பாள்.

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, பாடங்களின் பட்டியல் இருந்த கையேட்டை வைத்துக்கொண்டு மூன்று நாள் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். அந்தத் தாளை அவள் கடைசியிலிருந்துதான் வரைந்தாள். எட்டாவது வரிசையில் இறுதியாண்டு ஆய்வு என்று ஒரு கட்டம். அதைச் செய்ய என்னென்ன படித்திருக்க வேண்டும் என்று ஏழாவது வரிசை. இப்படியே பின்னால் வந்து வந்து, முதல் வரிசையில் பொது வேதியியலும் கணிதமும் வந்து நின்றன. கணிதத்துக்குச் சிவப்பு, ஆய்வுக்கூடத்துக்குப் பச்சை. “முன்னாடி இருந்து வரஞ்சா ஆசைக்கு வரஞ்சிருவேண்ணே. பின்னாடி இருந்து வந்தாத்தான் எது இல்லாம எது நடக்காதுன்னு தெரியும்” என்றாள்.

ஏன் வேதியியல் என்று அம்மா கேட்டார்கள். டீச்சராகலாம், ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். “அண்ணன் உருட்டுற டிரம்ல என்ன இருக்குன்னு அண்ணனுக்கே தெரியாதும்மா. அதான் கண்டதுக்கும் பயப்படுது. நான் படிச்சிட்டு வந்து ஒவ்வொண்ணா சொல்றேன்” என்றாள். அம்மா சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் ஆண்டு நன்றாகத்தான் போனது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முடித்த கட்டங்களின் மேல் சின்னதாக ஒரு சரி போடுவாள். அவள் போனபின் கதவைத் திறந்து அந்தச் சரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு பாடம்கூட எனக்கு விளங்காது. ஆனால் எந்த அம்பு எங்கே போகிறது என்பது மனப்பாடமாகிவிட்டது.

இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்கு முன் அவள் வீட்டில் இருந்த சமயத்தில், எங்கள் கிடங்கில் ஒரு டிரம்மின் மூடி தெறித்தது. என்னோடு வேலை செய்த இந்தோனேசியக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். அவரைத் தூக்கப் போன என் கண்கள் இரண்டு நாள் திறக்கவில்லை. அவர் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். எனக்குக் கண் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, திறந்து கிடந்த அலமாரிக் கதவில் மூன்றாவது வரிசையின் பச்சைக் கட்டம். ஆர்கானிக் ஆய்வுக்கூடம். அதில் என்ன செய்வார்கள் என்று அவள் முன்பே உற்சாகமாகச் சொல்லியிருந்தாள். கொதிக்கவைப்பார்கள், அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பார்கள், எளிதில் தீப்பற்றும் திரவங்களைக் கையாளுவார்கள்.

நான் சாப்பாட்டை விட்டேன். தூக்கம் போயிற்று. அந்த வாரம் அவள் பாடங்களைப் பதிவு செய்ய வேண்டும்.

“இந்த ஒரு தடவை மட்டும் அந்த லேப்பை விட்டுரும்மா. என் மனசு சரியாகட்டும். அடுத்த தடவை எடுத்துக்க.”

“அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும்ணே. இது இல்லன்னா பின்னாடி மூணு பாடம் எடுக்க முடியாது. அட்வைசர்கூட விட வேணாங்கிறாரு.”

“அவருக்கென்ன, அவரா உனக்கு அண்ணன்?”

எனக்குத் தெரிந்த உலகத்தில் ஷிப்டை மாற்றிக்கொள்ளலாம். இன்று போகாவிட்டால் வேறொருவன் போவான். விட்ட நாளை ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் செய்து சரிக்கட்டலாம். படிப்பையும் நான் அப்படித்தான் நினைத்தேன். அம்புகளை மனப்பாடம் செய்தவனுக்கு அம்பு எதற்காக இருக்கிறது என்பது மட்டும் உறைக்கவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்கள் இன்னும் சிவந்திருந்தன, என் தட்டில் சோறு காய்ந்திருந்தது. பிறகு எழுந்துபோய் ரப்பரை எடுத்தாள். பச்சை லேசில் போகவில்லை. அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அந்தக் கட்டத்தை ஐந்தாவது வரிசையில் போட்டாள். அதன் பின்னால் இருந்தவை ஒவ்வொன்றாகத் தள்ளிப் போயின. கடைசியில் ஒன்பதாவது வரிசைக்கும் பத்தாவது வரிசைக்கும் இடமில்லை. “பாருண்ணே, தாளே பத்தல” என்று சிரித்தாள். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை.

நான்காம் பருவத்தில் எடுக்க அவளுக்கு அதிகம் பாடமில்லை. சும்மா இருப்பானேன் என்று படிப்புக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, செனாயில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். திரும்பிப் போனபோது பாடத்திட்டத்தை மாற்றியிருந்தார்கள். இனி அவள் புதிய திட்டத்தில்தான் தொடர வேண்டும். முடித்ததில் சில கணக்கில் வராது, இன்னும் ஒரு வருடம் கூடும் என்றார்கள். அட்வைசரும் மாறிப் போயிருந்தார். வீட்டுக்கு வந்து, “ஃபேக்டரில லைன் லீடர் ஆக்குறேங்கிறாங்கண்ணே” என்றாள். அவ்வளவுதான், படிப்பு அத்தோடு நின்றது. அழவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அழுதபோதுகூட “பரவால்லண்ணே, விடு” என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

இப்போது அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அதே தொழிற்சாலை. போன மாதம் அலமாரியில் கரையான் ஏறிவிட்டதென்று, துணிகளை எடுத்து வைக்க உதவிக்கு வந்தாள். கதவைத் திறந்தவள் தாளைப் பார்த்தாள்.

“அலமாக்! இன்னுமா வச்சிருக்க?”

விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். மெலிந்த இடத்தில் விரல் நின்றது.

“இங்க என்னாண்ணே இருந்துச்சு?”

விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. நிஜமாகவே மறந்திருந்தாள்.

“ஆர்கானிக் லேப். அது முடிச்சாத்தான் நாலாவதுல ஆர்கானிக் ரெண்டு. அது முடிச்சாத்தான் ஆறாவதுல அனாலிட்டிக்கல் லேப். அது இல்லாம ஆய்வு இல்ல.”

“எல்லாத்தையும் நீ மனப்பாடம் பண்ணி வச்சிருக்கியே, பேசாம நீயே போயிருக்கலாம் போல” என்று சிரித்துவிட்டு, சேலைகளை மடிக்கப் போனாள்.

அந்த வாரம் எங்கள் கிடங்குக்குப் புதிதாக ஒருவகை டிரம் வந்திருந்தது. ஒட்டியிருந்த பெயர் நீளம். அவளிடம் காட்டலாம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி, சட்டைப் பையில் வைத்திருந்தேன். கதவிலிருந்த தாளின் ஒரு மூலை டேப் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பையிலிருந்த துண்டுக் காகிதத்தை வெளியே எடுக்கவில்லை.