மாதாவின் நீலமும் ஃபேன் ரெகுலேட்டரும்

அக்டோபர் மாதம் எங்கள் தெருவில் கோயிலின் பெரிய மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டுக்கு ஒரு மாலைதான். தெருச் சனம் கூடி செபமாலை சொல்வோம். எங்கள் வீட்டில் முன்னின்று சொல்பவள் என் மனைவி. மாதா முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால்தான் அவளுக்குச் செபம் சொன்ன மாதிரி இருக்கும்.

போன வருடம் எங்கள் முறை வருவதற்குள் அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. வீட்டு எல்.இ.டி. பல்பின் வெள்ளை வெளிச்சம் பட்டாலே கண்ணில் நீர் கொட்டும். மெழுகுவர்த்திப் புகையும் ஆகவில்லை.

முதலில் பக்கத்துக் கடையில் ஒரு மஞ்சள் பல்பு வாங்கி மாட்டினேன். கண் கூசவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சின்னச் சுரூபத்தின் நீலப் போர்வை, பாசி பிடித்தது போலப் பச்சையாகத் தெரிந்தது. முகம் காமாலை கண்ட முகம்.

"மாதாவுக்கா இந்தக் கோலம்? கழட்டுங்க" என்றாள்.

ராமநாதபுரம் போய்க் கடைக்காரரிடம் விவரம் சொன்னேன். நிறத்தை உள்ளபடி காட்டும், வெளிச்சமும் இதமாக இருக்கும், கூட்டிக் குறைக்கலாம் என்று ஒரு பல்பை எடுத்து வைத்தார்.

"டிம்மரும் சேத்து வாங்கிக்கங்கண்ணே."

"வீட்ல பழைய ஃபேன் ரெகுலேட்டர் சும்மா கெடக்கு. அதுவும் கூட்டிக் குறைக்கிறதுதான?"

"அது வேற, இது வேறண்ணே."

விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நடுக்கடலில் இஞ்சின் நின்றால் நானே பிரித்து மாட்டுகிறவன், எனக்கு இது ஒரு வேலையா?

எங்கள் முறை வந்த அன்று மதியம் ரெகுலேட்டரில் பல்பை இணைத்து முழுசாக வைத்துப் போட்டேன். போர்வை அப்படியே நீலம். மாதா முகத்தில் ரத்தம் ஓடுவது போல இருந்தது. மனைவி கறுப்புக் கண்ணாடியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இதத்தான் கேட்டேன். செபத்தப்ப கொஞ்சம் கொறச்சு விடுங்க." குறைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் பெரிய சுரூபத்தைத் தூக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

மாலை சனம் கூடியது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாதா முன்னால் முழந்தாளிட்டாள். நான் ரெகுலேட்டரைத் திருகினேன். பல்பு படபடவென்று வெட்டியது. இன்னும் திருகினால் இன்னும் வெட்டியது.

"என்ன மச்சான், பல்பும் மணி மணியா செபமாலை உருட்டுது" என்றாள் எதிர்வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரெகுலேட்டரைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். முழுசாக வைத்தால் அவளுக்குக் கண் கூசும்; வேறு வழியில்லாமல் பல்பை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். புகை தாங்காமல் அவள் எழுந்து அடுப்படிக்குள் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி அங்கிருந்தே செபமாலையின் ஐந்து பத்து மணிகளையும் சொன்னாள். குரல் மட்டும் வந்தது. நாங்கள் மாதாவைப் பார்த்தபடி பதில் சொன்னோம்.

எல்லாரும் போனபின், "நாளைக்கே டிம்மர் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

"நாளைக்கு மாதா அடுத்த வீட்டுக்குப் போயிருவாங்க."

"அடுத்த வருசத்துக்கு ஆகும்ல."

"அடுத்த வருசம் எதிர்வீட்டுக்காரிய முன்னின்னு செபம் சொல்லச் சொல்லுவோம். அவளுக்குக் கண்ணு நல்லாருக்கு."

ஆண்டவரே, அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.