ரத்தம் மெலியும் மாத்திரை: நெய்வேலியிலிருந்து கடலூர் வரை

இந்த வலைப்பதிவில் இதுவரை மலை, கோயில், கடற்கரை என்றுதான் எழுதிவந்தேன். கிலோமீட்டரில் ஒன்று கூடக்குறைய இருந்தாலும் பின்னூட்டத்தில் வந்து காதைத் திருகும் நண்பர்கள் இருக்கிறார்கள். இது ஊர் சுற்றிய கதை அல்ல. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஒருவரைப் புதுச்சேரிக்கு மறுபரிசோதனைக்கு அழைத்துப்போன பயணம். 2016 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். எங்கள் பக்கத்தில் பலர் இதே வேலையாக இதே வழியில் போகிறார்கள் என்பதால் எழுதுகிறேன். நாங்கள் புதுச்சேரி போய்ச் சேரவில்லை.

அழைத்துப்போனது என் மனைவி செல்வியின் தம்பி முருகவேலை. நாற்பத்திரண்டு வயது, காடாம்புலியூர்க்காரன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் மண்ணை வாரும் வேலை. பதினேழு வருடமாக கான்ட்ராக்ட். முந்தின மார்ச்சில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் என்று இரண்டு மாத்திரைகள். ஒரு வருடத்துக்கு ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து, புதுச்சேரி வழியில் இருக்கும் கடலூருக்கு வடலூர் வழிதான் நேர்வழி. முருகவேலை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்ததால் பண்ருட்டி வழியாகப் போனோம். போய்வர வாடகைக் கார் 1,900 ரூபாய். டிரைவர் ஏழுமலை காலை 5.45-க்குக் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்துவிட்டார். காடாம்புலியூர் பன்னிரண்டு கிலோமீட்டர், 6.05. முருகவேல் சலவைச் சட்டை போட்டு ரோட்டிலேயே நின்றான். அவன் மனைவி தனம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்று கூட வரவில்லை. "அவர பாத்துக்குங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

பண்ருட்டியில் 6.25-க்கு டீ. அவன் பாதியிலேயே தம்ளரை வைத்துவிட்டான். மேல்பட்டாம்பாக்கம் தாண்டும்போது நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா?"

"ஒண்ணுல்ல மாமா, வாயு. நேத்து உருளக்கெழங்கு."

நெல்லிக்குப்பத்தில் மாட்டிக்கொண்டோம். சர்க்கரை ஆலையின் அரவைக் காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கரும்பு டிராக்டர்களுக்கு என்று அரை மணி நேரம் தனியாக ஒதுக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஏழு டிராக்டர்கள். பதினெட்டு நிமிடம் நகரவில்லை. முருகவேல் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஜனவரிக் குளிரில் அப்படி வியர்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"காலைல மாத்திர போட்டியா?"

அவன் டிராக்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் கேட்டேன்.

"நிறுத்திட்டேன் மாமா. பத்து நாளாவுது."

"நிறுத்திட்டியா? யாருடா சொன்னா?"

"பர்மனென்ட் லிஸ்ட்ல என் பேரு இருக்குதாம். மெடிக்கல் கூப்புடுவாங்கன்னு ஷிப்ட்ல பேசிக்கினாங்க. ரத்தம் எடுத்துப் பாத்தா மெலிஞ்சிருக்கும், அன்ஃபிட்னு எழுதிடுவாங்க இல்ல? அதான் கெட்டியாவட்டும்னு நிறுத்திட்டு பேரீச்சம்பழம், பீட்ரூட்டு சாப்டுகினு இருக்கேன். தனத்துக்குத் தெரியாது. தெனம் அவ எண்ணிக் குடுக்கறதக் கொல்லையில வீசிடுவேன்."

"ரத்தம் மெலிஞ்சிருக்கும்னு எந்த மடையன்டா சொன்னான்?"

"நீங்கதான மாமா சொன்னீங்க. ரத்தம் மெலியற மாத்திரன்னு."

ஆமாம், நான்தான் சொன்னேன். டாக்டர் பத்து நிமிடம் பொறுமையாக விளக்கியதை வராண்டாவில் வைத்து மூன்று சொல்லாகச் சுருக்கியவன் நான். எனக்கு அது 'பிளட் தின்னர்' என்று இங்கிலீஷில் கேட்டதன் தமிழ். எங்கள் ஊரில் மெலிந்துபோனது என்றால் சத்துப் போனது, எதற்கும் லாயக்கில்லாதது. பதினேழு வருடம் மண் வாரியவனிடம் போய் உன் ரத்தம் மெலிந்திருக்கிறது என்று சொன்னால் அவன் வேறென்ன நினைப்பான்?

ஏழுமலை வண்டியை மண்ணில் இறக்கி, ஹாரனிலிருந்து கையெடுக்காமல் ஓட்டினார். கடலூருக்குப் பதினோரு கிலோமீட்டர். வழியில் முருகவேல் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "இப்ப போட்டா கேக்குமா மாமா?" மாத்திரை அட்டையை அவன் கொண்டுவரவில்லை. 7.25-க்கு ஆஸ்பத்திரி வாசல். உள்ளேயிருந்து ஓடி வந்தார்கள், ஊசி போட்டார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. 8.10-க்கு டாக்டர் வெளியே வந்தார். ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்திருக்க வேண்டும், இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் அப்படி ஆகும் என்றார். காடாம்புலியூருக்கு எப்படித் திரும்பினோம், எத்தனை மணி ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் நேரம் குறிக்காத ஒரே பயணம்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை. ஸ்டென்ட் வைத்தவரோ, பக்கவாதம் வந்தவரோ, இந்த மாத்திரையை இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பல் பிடுங்குவதானாலும் வேறு ஆபரேஷன் ஆனாலும் முதலில் அவரைக் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுவலி மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிச் சேர்த்துப் போடாதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. மாத்திரை அட்டையையும் சீட்டையும் எப்போதும் பையில் வையுங்கள். நெஞ்சு வலித்தால் வாயு என்று நீங்களே முடிவு கட்டாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பிறகு நான் சுரங்க அலுவலகத்தில் விசாரித்தேன், இந்த மாத்திரைக்காக யாரும் ரத்தத்தின் கெட்டியை அளந்து அன்ஃபிட் போடுவதில்லை என்றார்கள். விசாரிக்க எனக்கு ஒரு போன் போதுமாக இருந்தது. காரில் அவன் சொல்லும்வரை அவன் பயத்தை நான் கேட்டதுமில்லை, அந்தப் போனைச் செய்ததுமில்லை.

கருமாதி அன்று பந்தலில் எல்லோர் முன்னாலும் செல்வி தனத்தைப் பார்த்துக் கேட்டாள், "வேளாவேளைக்கு ஒரு மாத்திரய எடுத்துக் குடுக்க முடியலயாடி ஒனக்கு? எந்தம்பிய முழுங்கிட்டியே." எண்ணி எண்ணிக் கொடுத்தவள் தனம். நான் இலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த ஏழுமலை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

செல்வி, நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் நீ. நேரில் சொல்ல மூன்று மாதமாக வாய் வரவில்லை. தனம் கொடுத்தாள். நிறுத்த வைத்தது என் வார்த்தை.