நடுவில் எட்டடி

ரோடு போடுகிற தொழிலில் மண்ணும் ஜல்லியும் சொன்ன பேச்சைக் கேட்கும், கம்பெனிகள்தாம் கேட்காது. வாசலில் பள்ளத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆளைக் காணோமே என்று எங்களைத் திட்டுகிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திட்டுங்கள், தப்பே இல்லை. நானும் அதே பள்ளத்தில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

திருப்பரங்குன்றம் போகிற வழியில் ஒரு பெரிய சாலை, அதன் ஓரம் நெடுக மழைநீர் வடிகால். மேற்கேயிருந்து ஒரு கம்பெனி, கிழக்கேயிருந்து ஒரு கம்பெனி. இரண்டும் சண்டை போடாமல் நடுவில் வந்து சேர வேண்டும். சேர்த்து வைப்பது என் உத்தியோகம். கல்யாணத் தரகர் வேலை மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே இரண்டு பேருமே மாப்பிள்ளை வீட்டார்.

யூரியா

என் பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர். சைட் ஆபீஸ் வாசலில் அதைத் தமிழில் 'கூட்டுறவு ஒருங்கிணைப்பாளர்' என்று எழுதி வைத்தார்கள். மறுநாளே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரேஷனில் பாமாயில் எப்போது போடுவார்கள் என்று இரண்டு பேர். கீழக்குயில்குடியிலிருந்து ஒரு பெரியவர் வெறும் சாக்கோடு சைக்கிளில் வந்து, யூரியா வந்துவிட்டதா என்று கேட்டார்.

இது அந்தக் கூட்டுறவு இல்லை ஐயா, இரண்டு காண்ட்ராக்டர்களை ஒற்றுமையாக வேலை பார்க்க வைக்கிற கூட்டுறவு என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கு யூரியாவே சீக்கிரம் வந்துரும் தாயி."

நாமும் நாங்களும்

தல்லாகுளத்தில் ஓர் ஓட்டல் ஹாலில் எங்களுக்கு ஒற்றுமைப் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் எல்லோரையும் கைகோத்து நிற்கச் சொன்னார். மேற்கு மேனேஜரும் கிழக்கு மேனேஜரும் ஆளுக்கொரு சுண்டுவிரலைக் கொடுத்தார்கள். அடுத்தது உறுதிமொழி. ஆங்கிலத்தில் இருந்ததை இருவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'நாங்கள் குறித்த காலத்தில் முடிப்போம், தவறுகளுக்கு நாங்கள் பொறுப்பேற்போம்' என்று எழுதினேன்.

மேற்கு மேனேஜர் பேனாவை மூடிவிட்டார். 'நாங்கள்' என்றால் எதிரே நிற்கிறவர் அதில் சேர மாட்டாரே, தப்பு மொத்தமும் எங்கள் தலையிலா என்றார். அடித்துவிட்டு 'நாம்' என்று போட்டேன். இப்போது கிழக்கு மேனேஜர் மூடினார். முடித்த பெருமையை எதற்கு அவர்களோடு பங்கு போட வேண்டும் என்றார். இந்த இலக்கண வகுப்பு மத்தியானச் சாப்பாட்டையும் தாண்டி ஓடியது. கடைசியில் மேற்கு மேனேஜர் ஒரு யோசனை சொன்னார், கிழக்கும் தலையாட்டியது: "மேடம், தப்பு வர்ற வரியில எல்லாம் 'நாம்'னு போடுங்க, முடிச்சோம்னு வர்ற வரியில எல்லாம் 'நாங்கள்'னு போடுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுறோம்."

வெட்டியது யார்?

கிழக்குக் கம்பெனி பதித்த தண்ணீர்க் குழாயை மேற்குக் கம்பெனி ஜேசிபி வெட்டிவிட்டது. தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. இரு கம்பெனிக்கும் பொதுவான வாட்ஸ்அப் குரூப்பில் படம் எடுத்துப் போட்டேன். தினமும் காலையில் ரோஜாப்பூ வைத்து வணக்கம் சொல்கிற அத்தனை பேரும் பார்த்தார்கள். நீல டிக் மட்டும் விழுந்தது. எரிச்சலோடு நேரில் போய் ஜேசிபி டிரைவரைப் பிடித்தேன். அவர் சொன்னது: "நாங்க எங்க பக்கத்தத்தான் வெட்டுனோம்க்கா. அவுக குழாய்தான் எங்க பக்கம் வந்து படுத்திருந்துச்சு."

கட்டில்

புரட்டாசி கடைசியில் மேற்கு வடிகால் வந்து நின்றது. கிழக்கு வடிகாலும் வந்து நின்றது. நடுவில் எட்டடி இடைவெளி. மேற்கு வரைபடத்தில் அது கிழக்கின் வேலை, கிழக்கு வரைபடத்தில் மேற்கின் வேலை. மழை பெய்தால் மேற்கேயிருந்து வருகிற தண்ணீர் மொத்தமும் அந்த எட்டடியில் வெளியேறி, எதிரே இருக்கும் பஞ்சவர்ணம் அக்கா வீட்டுக்குள் போகும். அக்காவின் இட்லிக்கடையில்தான் இரண்டு கம்பெனிக்காரர்களும் நானும் சாப்பிடுவோம். கடைக்குப் பின்னாலேயே வீடு, ரோட்டைவிடப் பள்ளம். உள்ளே அக்காவின் மகள், பத்து நாள் குழந்தையோடு தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள்.

மூன்று கூட்டம் போட்டோம். மூன்றிலும் அடுத்த கூட்டம் எப்போது என்பது மட்டும் முடிவானது. ஐப்பசி பிறந்தது, நாகமலைப் பக்கம் மேகம் கறுத்தது. என் இலையில் இட்லியை வைத்துவிட்டு அக்கா கோபமே இல்லாமல்தான் கேட்டார். அன்றைக்கு என் பதவியை நினைத்து நான் வெட்கப்பட்டேன். "நீங்க ஒன்னு சேர்றதுன்னா சேருங்க தங்கச்சி. இல்லாட்டி ஒரு கட்டில் மட்டும் வாங்கிக் குடுத்துருங்க, பிள்ளைய மேல போட்டுக்கிறேன்."

போர்டு

அன்று மத்தியானம், பயிற்சியில் சொல்லித்தராத ஒன்றைச் செய்தேன். மேற்கு சூப்பர்வைசரிடம் போய், கிழக்குக்காரர்கள் அந்த எட்டடியைத் தாங்களே கட்டி, தங்கள் கம்பெனி போர்டை நடப்போகிறார்களாம் என்றேன். கிழக்கு சூப்பர்வைசரிடம் போய் மேற்கைப் பற்றி அதையே சொன்னேன். இரண்டுமே சுத்தப் பொய்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் இரண்டு பக்கமும் கலவை மிஷின் ஓடுகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கட்டிக்கொண்டு வந்தார்கள். நாலாம் நாள் இரண்டும் முட்டிக்கொண்டன. அப்போதுதான் தெரிந்தது, அவரவர் மட்டம் அவரவருக்கு. மேற்கு வடிகாலின் தரை அரையடி உயரம். நல்லவேளை, தண்ணீரும் மேற்கேயிருந்துதான் வரும்.

அடுத்த வாரம் மழை கொட்டியது. நான் குடையோடு அக்கா வாசலில் நின்றேன். தண்ணீர் பாய்ந்து வந்து, அந்த அரையடியில் தொபுக்கென்று விழுந்து, கிழக்கே ஓடிவிட்டது. வாசற்படி நனையவில்லை. உள்ளே குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். சூப்பர்வைசர்கள் இரண்டு பேரும் ஓடி வந்து, "நாங்க கட்டுனது மேடம்!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அக்கா வடிகாலை எட்டிப் பார்த்தார்: "எம்புட்டுப் பெரிய கம்பெனிக! சாக்கடைக்குக்கூடப் படி வச்சுல்ல கட்டியிருக்காக!"

சிறந்த கூட்டு முயற்சிக்கான கேடயம் எங்கள் சாலைக்கே கிடைத்தது. அதை எந்தக் கம்பெனி ஆபீசில் வைப்பது என்று இதுவரை நாலு கூட்டம் போட்டாயிற்று.