மோட்டாருக்கு ஒரு போன் நம்பர்

முப்பது வருஷம் நான் பள்ளிக்கூடம், அவர் ஆபீஸ். காலையில் டிபன் பாக்ஸைக் கைமாற்றிக்கொள்கிற நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. ரிட்டையர் ஆனதும் தினம் சாயங்காலம் பீச்சுக்கு நடந்து போவோம், சுண்டல் வாங்கித் தின்போம் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினோம். ரெண்டு பேரும் ரிட்டையர் ஆனோம். பெசன்ட் நகர் பீச் அங்கேயேதான் இருக்கிறது, சுண்டல்காரரும் இருக்கிறார். என் வீட்டுக்காரர்தான் இல்லை.

மதுராந்தகம் தாண்டி ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டிருக்கிறார். அவர் பரம்பரையில் யாரும் மண்வெட்டி பிடித்ததில்லை. எல்லாரும் வாத்தியார், கம்பவுண்டர், குமாஸ்தா. எங்கிருந்து வந்ததோ இந்தக் கிறுக்கு! கிணற்று மோட்டார் ஓட மும்முனை கரண்ட் வேண்டுமாம். அது எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாதாம். வருகிறபோது பக்கத்தில் ஆள் இருந்து பொத்தானை அமுக்க வேண்டுமாம். ஆகவே மோட்டார் கொட்டகையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நான் இங்கே ரெண்டாவது மாடியில், ஒருத்திக்காகக் குக்கர் வைக்கச் சலித்துப்போய், தோசை வார்த்துக் காலம் தள்ளினேன். எனக்கு அவர் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

கீழ் வீட்டுப் பெண் தரமணியில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அவள்தான் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர். மோட்டாருக்கு என்று ஒரு போன் நம்பர். நாம் கூப்பிட்டால் அதுவே எடுக்கும். ஒன்றை அமுக்கினால் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும். கரண்ட் வந்தால் அதுவே நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும். அடேயப்பா! எங்கிருந்தும் ஓட்டலாம் என்றால் பெசன்ட் நகரிலிருந்தும் ஓட்டலாம்தானே? அன்றைக்கே வாங்கச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். "போன்ல தண்ணி பாய்ச்சின நெல்லா? உடம்புக்கு ஆகுமா டீச்சர்?" என்றார் பாடகர் குழுவில் இருக்கும் அம்மா. இட்லி மாவையே போனில் வரவழைக்கிற மனுஷி! "தண்ணி கிணத்துல இருந்துதாம்மா வருது, போன்ல இருந்து வரல" என்றேன். "இருந்தாலும் விவசாயின்னா மண்ணுல நிக்கணும், அதுதான் அழகு" என்றார் இன்னொருவர், காரின் ஏசியை அணைக்காமலே. கீழ் வீட்டுப் பெண் எல்லாரையும் அடித்துப் பேசினாள். "ஆன்ட்டி, ட்ரோன் வாங்கிடுங்க, சென்சார் போட்டுடுங்க, அங்கிள் வயல் பக்கமே போக வேணாம்." நெல்லைப் பற்றி எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. அந்த மனுஷன் அங்கே வேளாவேளைக்கு என்ன சாப்பிடுகிறார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பெட்டியை மாட்டினார்கள். என் நம்பரையும் அதில் பதிந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். கறுத்து, இளைத்து, ஆனால் வந்துவிட்டார். வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பாட்டில் கை வைக்கப் போகிறபோது மோட்டார் கூப்பிட்டது. மின்சாரம் வந்துவிட்டது என்று ஒரு பெண் குரல். ஒன்றை அமுக்கினார். மோட்டார் ஓடுகிறது என்றது. அதோடு விட்டாரா? உடனே பக்கத்து வயல்காரருக்குப் போன். "கொஞ்சம் எட்டிப் பாருப்பா, தண்ணி விழுதா?" விழுகிறதாம். சோற்றைப் பிசைந்துவிட்டு மறுபடியும் போன். "மடை ஒடைஞ்சிருக்கான்னு பாரேன்." உடையவில்லையாம். மூன்றாம் நாள் அந்த மனிதர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "சார், நீங்க மிஷின் வாங்குனீங்களா, என்னை வாங்குனீங்களா?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அந்த வயல்காரர் இவர் போனை எடுப்பதே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பீச்சுக்குப் போனோம். சுண்டல் வாங்கிக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் போடவில்லை, போன் அடித்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு தூரமாகப் போய் நின்றார். நான் கூப்பிட்டு ஒரு தடவையாவது இத்தனை வேகமாக எடுத்திருப்பாரா? வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒரு இரும்புப் பெட்டி மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவர் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்னவோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று அவர் காதில் விழவே இல்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் பை தயார்.

"எல்லாம் போன்லயே நடக்குதே, அப்புறம் எதுக்குங்க?" என்றேன்.

"ஒழுங்கா நடக்குதான்னு பாக்கணும்ல டீச்சர்" என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே. கோபத்திலும் குழைவிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"ஓடலேன்னா பெட்டியே சொல்லுமே."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அங்க இருந்தா எனக்கு நல்லா இருக்கு" என்றார் மெதுவாக. எரிந்து விழுந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஒரு நாளாவது நிறுத்தியிருப்பேன். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். லிப்ட் கீழே போகிறவரை வாசலில் நின்றேன்.

இப்போதும் மோட்டார் எனக்கும் போன் செய்கிறது. சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறேன். மின்சாரம் வந்துவிட்டது என்கிறது. முழுசாகக் கேட்டுவிட்டு வைக்கிறேன். அந்தப் பக்கம் அவர் பொத்தானை அமுக்கியிருப்பார், தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், முகம் மலர்ந்திருக்கும். அந்த முகத்தைத்தான் நான் ரிட்டையர்மெண்டுக்கு என்று எடுத்து வைத்திருந்தேன்.

நேற்று திருச்சியிலிருந்து என் தங்கச்சி பேசினாள். "மாமா இன்னும் வரலியாக்கா? அந்தக் கரண்ட் பிரச்சனை தீரவே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லைடி, நேரத்துக்கு வரமாட்டேங்குது" என்றேன்.