ஒரு பல் கூடுதல்

அறிவியல் காட்சிக்கூடத்தின் பட்டறையில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். மயிரிழை பிசகினாலும் செய்ததைப் பிரித்துப் போட்டு முதலிலிருந்து தொடங்குகிற மனுஷன். வீட்டில் சாப்பாட்டு மேசை ஆடினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மனைவியின் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான், வரைபடம் போடுகிற தற்காலிக ஊழியனாக. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றும் மாதிரி ஒன்றை அவன் வரைந்திருந்தான். மேலே இரண்டு உருண்டைகள், மேசைக்கடியில் பல்சக்கரங்கள். சின்ன உருண்டையின் கீழே ஒரு பேனா, அது போகும் பாதையைத் தாளில் கோடாக இழுக்கும். இது சரியாக அமைந்தால் வேலை நிரந்தரம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

படத்தில் உள்ளபடி செய்து ஓட்டிப் பார்த்தார் மில்லிமீட்டர். நீள்வட்டம் அழகாக வந்தது, ஆனால் கிளம்பிய இடத்தில் வந்து சேரவில்லை. அடுத்த சுற்று கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்தது இன்னும் தள்ளி. படத்தைப் பார்த்தார். ஜோடிச் சக்கரங்களில் ஒன்றுக்கு ஒரு பல் கூடுதல். பையன் எண்ணும்போது கண் அசந்துவிட்டான் போல என்று சிரித்துக்கொண்டார். கேட்டால் நாலு பேர் முன்னால் அவன் முகம் தொங்கிப்போகுமே என்று பாசம். படித்தவனைத் திருத்துகிறோம் என்ற மிதப்பும் இருந்தது, மறைப்பானேன். பல் சமமாக வேறொரு சக்கரம் வெட்டி மாட்டினார். கோட்டின் மேல் கோடு கச்சிதமாக உட்கார்ந்தது.

இயக்குநர் பார்க்க வந்தார். தம்பி உற்சாகமாக விளக்கினான்.

"பழைய கணக்குப்படி போன பாதையிலேயே திரும்பவும் போகணும் சார். ஐன்ஸ்டீன் கணக்குல அப்படி இல்ல. ஒவ்வொரு சுத்துக்கும் பாதையே கொஞ்சம் திரும்பிடும். பாருங்க, பூ மாதிரி விரியும்."

பேனா ஒரே கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

தம்பி குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தான்.

"கணக்குல நான்தான் தப்புப் பண்ணிட்டேன் சார்" என்றான்.

வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். மில்லிமீட்டர் திறக்கவில்லை. வீட்டில் மனைவி, "தம்பிக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோது கை கழுவும் சாக்கில் எழுந்துபோனார். பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

காலையில் முதல் ஆளாக இயக்குநரிடம் போய் உள்ளதைச் சொன்னார்.

"அந்த வேலைக்கு நேத்தே வேற ஆளைப் போட்டாச்சே" என்றார் அவர்.

பட்டறைக்கு வந்து, கழற்றி வைத்திருந்த பழைய சக்கரத்தை மாட்டினார். கோடுகள் இதழ் இதழாக விரிந்தன. தன் சாமான்களை எடுத்துப்போக வந்த தம்பி பக்கத்தில் நின்று பார்த்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா?"

"கேட்டா நாலு பேர் முன்னாடி உனக்கு அவமானமாயிடுமேன்னுதான் மாப்ள..."



தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "ராத்திரி அக்கா ஃபோன் பண்ணா. என் கணக்குதான் தப்புன்னு சொல்லிட்டேன். நீங்க எதுவும் உளறி வைக்காதீங்க."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது மில்லிமீட்டருக்கு.