தனித்தட்டு

எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தனித்தட்டு வைத்தால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். அவருக்கு அம்மை போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டாரோடு பேச்சுவார்த்தை அற்றுப் போயிருக்க வேண்டும். மற்ற நாட்களில் பாய்மேல் துணி விரித்து, நடுவில் சஹன் என்கிற பெரிய செம்புத் தட்டை வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே சோற்றில்தான் கை வைப்போம். அவரவர் பக்கத்துச் சோறு அவரவருக்கு. கறித்துண்டு மட்டும் எல்லை தாண்டும். அத்தா ஊரில் இருக்கும்போது ஈரல் துண்டைத் தேடி எடுத்து என் பக்கம் தள்ளிவிடுவார்.

அவர் ஊரில் இருப்பதுதான் அபூர்வம். ரங்கூனில் அவருக்குக் கைலிக் கடை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மதுரைக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கதை இதுதான், அதனால் யாரும் யாரையும் பார்த்துப் பரிதாபப்படவில்லை. எங்களையும் அங்கே கூட்டிக்கொள்ளுங்கள் என்று அம்மா மூன்று கடிதம் எழுத வைத்தாள். வீடு சிறிது, காலரா பரவுகிறது, மழை விடவில்லை என்று மூன்று பதில்கள் வந்தன. எனக்கு ஒன்பது வயதானபோது, நாலாவது பதிலுக்குக் காத்திராமல் மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவள் கப்பலேறிவிட்டாள்.

திரும்பி வரும் எண்ணத்தில் அவள் போகவில்லை. ஊர் பார்க்கப் போகிறவள் சஹனைத் தூக்கிக்கொண்டு போகமாட்டாள். புதிதாக ஈயம் பூசிய அந்தத் தட்டைப் பழைய துப்பட்டியில் சுற்றி, கப்பலிலும் மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தாள். “மூணு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிட்டா அது போதும் தாயி” என்று வழியெல்லாம் என்னிடம் சொன்னாள். நான் கடலைப் பார்த்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமா எங்களை வாசலில் விட்டுவிட்டுத் தெரிந்தவர் கடைக்குப் போய்விட்டார். அத்தா எங்களைப் பார்த்ததும் சிரிக்கத்தான் முயன்றார். “சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறியே” என்றார் அம்மாவிடம். அவருக்குப் பின்னால் கொண்டையில் பூ வைத்த ஒரு பர்மாக்காரப் பெண் நின்றாள். அவள் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன். “வீட்டைப் பாத்துக்கிற பொம்பள” என்று அத்தா சொன்னார். நான் நம்பினேன். அம்மாவும் சோறு வைக்கும் வரையில் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

மத்தியானம் ஒரு தாழ்வான வட்ட மேசையைச் சுற்றி ஐந்து தட்டுகள் வைத்தார்கள். யாருக்கும் அம்மை போட்டிருக்கவில்லை. அப்படியானால் அத்தா எங்களோடு சண்டை என்றுதானே அர்த்தம்? போதாததற்கு மேசை நடுவில் ஒரு கிண்ணம் நிறைய ஙாப்பி, அதாவது மீனை அழுகவிட்டு இடித்த விழுது. ஊரே மணக்கும் கருவாட்டுக் கடையைக் கடந்து பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த நாற்றத்துக்கு நானே மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, முதல் கரண்டிக் குழம்பை அத்தாவின் தட்டில் வைத்தாள். அடுத்ததை அதே மரியாதையோடு அம்மாவின் தட்டில் வைத்தாள். “மூத்தவங்களுக்குத்தான் முதக் கரண்டி. இந்த ஊரு வழக்கம்” என்றார் அத்தா, யாரும் கேட்காமலே. அம்மா அந்தக் கரண்டிக் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய் மூட்டையை அவிழ்த்து சஹனை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். “அத்தா, நாம இதுல சாப்பிடுவோம்” என்றேன்.

“இங்க அது ஆகாது. அவுகவுக தட்டுலதான் சாப்பிடணும்” என்றார் அவர்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, அந்தச் சிறுவன் எட்டி அவர் தட்டிலேயே கையை விட்டான். அத்தாவின் கண் என்மேல்தான் இருந்தது. விரல்கள் மட்டும் தம் பாட்டுக்கு மீன் துண்டில் முள்ளை எடுத்துவிட்டு, சதையை அவன் பக்கம் தள்ளிவைத்தன. அது ஒரு நாளில் பழகிய கை இல்லை.

“அவன் மட்டும் ஒங்க தட்டுல திங்கிறான்” என்று நான் அழுதேன்.

“அவன் சின்னப் பய” என்றார்.

“வயசு எம்புட்டு?” என்று அம்மா கேட்டாள். அன்று அவள் அவரிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

“நாலு முடியப் போகுது.”

நாலு வருடத்துக்கு முன்னால்தான் என் தம்பி பிறந்து ஏழாம் நாள் மௌத்தாகிப் போனான். கடையை விட்டு வர முடியவில்லை என்று அத்தா கடிதம் போட்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அதற்கப்புறம் ஒருமுறை ஊருக்கு வந்த அத்தா, எங்கள் சஹன் சோற்றிலேயே அதை மறைத்துவைத்து, இரண்டு மாதம் எங்களோடு அள்ளித் தின்றுவிட்டுப் போயிருக்கிறார். இதெல்லாம் இப்போது போடுகிற கணக்கு. அன்று அம்மா சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்து, “நாத்தமா இருக்காம்மா?” என்று கேட்டேன். “ஆமா தாயி” என்றாள்.

அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட்டோம். கிளம்பும்போது அம்மா சஹனை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலை குனிந்தாள். அம்மா அத்தாவைப் பார்த்துச் சொன்னாள்: “மூணு பேரு சாப்பிடுற தட்டு. இங்கதான் மூணு பேரு இருக்கீக.” நம் தட்டை யாரோ வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாளே என்று நான் துறைமுகம் வரைக்கும் அவளைக் கிள்ளிக்கொண்டே போனேன்.

மதுரைக்கு வந்ததும் அம்மா பீங்கான் தட்டுகள் வாங்கினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவரவர்க்குத் தனித்தட்டு. பத்து நாள் ரங்கூன் தண்ணி குடிச்சதும் துரைசாணி ஆயிட்டா என்று மாமி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். “அங்கிட்டு அப்படித்தான்” என்று மட்டும் அம்மா சொன்னாள். அந்த நாற்றம் பிடித்த ஊரில் கற்றுக்கொள்ள இதுதானா கிடைத்தது என்று எனக்கு அவமானமாக இருந்தது.

மறுவருடம் அத்தா வந்தார். அம்மா துணி விரித்து மூன்று தட்டுகளை வைத்தாள், அவருடையதைக் கொஞ்சம் தள்ளி. “இன்னொரு சஹன் வாங்கியிருக்கலாமே” என்றார் அவர். “இதுவே பழகிப்போச்சு” என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா பக்கத்திலிருந்து எழுந்துபோய், என் சோற்றை அத்தாவின் தட்டில் கொட்டி, அவரோடு உட்கார்ந்துகொண்டேன். அவர் ஈரல் துண்டைத் தேடி எடுத்து என் பக்கம் தள்ளினார். அதை வாயில் போட்டுக்கொண்டு, பார்த்தாயா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்து தன் தட்டில் சோற்றைப் பிசைந்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆள் நான் என்பதும், நானும் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டேன் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.