கிழிக்காத துண்டு

துஷாந்தினி பிறந்தது ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில். வேலை பண்டாரவளையில், மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் மென்பொருள் அலுவலகத்தில். தோட்டத்து மருந்தகங்களான டிஸ்பென்சரிகளில் நோயாளர் விவரம் பதியும் மென்பொருளில் பாதி அவள் எழுதியது.

ஒரு பதிவை மாற்றப் பொத்தானை அழுத்தியது யார் என்பது, அதில் வாசலில் நிற்கும் முதல் நிரலுக்குத்தான் தெரியும். அது ஒன்றை அழைக்க, அது இன்னொன்றை அழைக்க, ஏழாவதாகப் பதிவை எழுதும் நிரலுக்கு ஒன்றும் தெரியாது. ஏழிடமும் பெயரைக் கொடுத்தனுப்ப அவளுக்குப் பொறுமை ஏது? அழைப்புகளைக் குறுக்கே நின்று பிடிக்கும் 'அஸ்பெக்ட்' ஒன்றை எழுதினாள். அது வாசலில் பெயரை வாங்கி, வேலையைச் சுமந்து போய், முடிந்ததும் அடுத்த வேலையை ஏற்றிக்கொள்ளும் 'திரெட்' என்ற இழையின் பையில் போட்டுவிடும். கடைசி நிரல் பையைப் பார்த்து எழுதிக்கொள்ளும். பொறுப்பாளர் றொபின்சன் மெச்சினார். பதவி உயர்வு என்றும் பேச்சு அடிபட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் மாதம், நமுனுகுலப் பக்கத்து டிஸ்பென்சரியில் ஒருவரின் ஒவ்வாமைக் குறிப்பு அழிந்திருந்தது. நல்லவேளை, ஊசி போடுமுன் கண்டுபிடித்துவிட்டார்கள். அழித்தவர் என்று பதிவில் இருந்த பெயர் மதலேனா. இருபது வருடமாக அங்கே மருந்து கொடுப்பவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அழிந்த நேரம் பகல் 12.40. அன்று மரம் விழுந்து, பதினொரு மணியிலிருந்தே அந்தத் தோட்டத்தில் கரண்ட் இல்லை. துஷாந்தினி தோண்டிப் பார்த்தாள். அழித்தது, பண்டாரவளை அலுவலகத்துக் கணினியில் இருந்தபடி பழைய குறிப்புகளைத் தானாகத் துப்புரவாக்கும் நிரல். அது வாசல் வழியாக வராது, பெயரும் கொண்டு வராது. அது ஏறிக்கொண்ட திரெட்டின் பையில், காலையில் வந்த மதலேனாவின் பெயர் அப்படியே கிடந்திருக்கிறது. வேலை முடிந்ததும் பையைக் காலிசெய்யும்படி எழுத மறந்தது துஷாந்தினியேதான்.

"சிஸ்டத்துல பிழைன்னு எழுதிருவோம் தங்கச்சி. ஒங்க பேரு எதுக்கு?" என்றார் றொபின்சன். நல்ல மனிதர், பிழைக்கத் தெரிந்தவர்.

அவள் தன் பெயரைப் போட்டே தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பினாள். பிறகு மதலேனாவுக்கு ஃபோன் எடுத்து, நடந்ததையும் கடிதம் அனுப்பியதையும் சொன்னாள்.

மதலேனா முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சீக்காளி கொண்டார, மருந்து எழுதின துண்ட, மருந்து குடுத்த ஒடனே நாங்க கிழிச்சிருவோம். இல்லாட்டி இவரு மருந்து அடுத்தவருக்குப் போயிரும். நீங்க கிழிக்காம விட்டுட்டீங்க, அப்படித்தானே?"

"ஆமாங்கக்கா. நான்தான் கிழிக்கல."

"பிழைன்னு எழுதி, யாரு பேரு போட்டீங்க?"

"எம் பேருதாங்க."

"அந்தக் கடிதத்துல எனக்கும் ஒன்னு அனுப்புங்க. மகளுக்குக் காட்டணும். நான் அழிக்கலன்னு அவகூட நம்பல."